பழசானா ஒயின் நல்லாயிடுமா? ஷாட்டோ லத்தூரை வச்சு ஒரு எளிய விளக்கம்

"ஒயின் பழசாக பழசாகத்தான் நல்லாருக்கும்"னு எல்லாரும் சொல்லிக் கேட்டிருப்பீங்க, ஒரு சொட்டு குடிக்காதவங்க கூட இதை சொல்வாங்க. ஆனா இது பெரும்பாலான ஒயினுக்குப் பொருந்தாது. கடையில விக்கிற ஒயின்ல முக்காவாசிக்கு மேல வாங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும்னே செய்யறது, அதைக் கொண்டுபோய் பத்து வருஷம் பீரோவுல பூட்டி வச்சா பழ வாசனை எல்லாம் போய் சப்புனு ஆயிடும், அதோட இருப்பிடம் சூடா இருந்தா அதுகூட மிஞ்சாது. ஆனா ஒரு சின்ன கூட்டம் இருக்கு. அதுங்க 20 வருஷம், 30 வருஷம், நல்ல வருஷத்து அறுவடையா இருந்தா 50 வருஷம் தாண்டியும் படுத்துக் கிடந்து, திறக்கறப்போ முன்ன இருந்ததை விட அருமையா இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஏன் அந்த ஆயுசு, அதுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது, இதைத்தான் சொல்லப் போறேன்.

இதை வெறும் தியரியா சொன்னா மனசுல நிக்காது, அதனால ஒரே ஒரு எஸ்டேட்டை எடுத்துக்கறேன். ஃப்ரான்ஸ்ல போர்தோ நகரத்துக்கு வடக்க ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போனா போயாக்னு ஒரு சின்ன ஊர், ஜிரோந்த் கழிமுகத்தோட கரையில இருக்கு, அந்த ஊரோட தெக்கு ஓரத்துல ஷாட்டோ லத்தூர். லத்தூர்னா கோபுரம்னு அர்த்தம். இங்கிலாந்தும் ஃப்ரான்சும் மோதிக்கிட்ட நூறாண்டுப் போர் காலத்துல அந்த ஆத்தங்கரையைக் காவல் காக்க ஒரு கோட்டைக் கோபுரம் இருந்துச்சு, அது எப்பவோ அழிஞ்சு போச்சு, இப்ப லேபிள்லயும் தோட்டத்துலயும் நாம பாக்கற உருண்டைக் கோபுரம் 17ஆம் நூற்றாண்டுல கட்டின புறாக்கூடு. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும், உலகத்துலயே ரொம்ப கம்பீரமான ஒயின்கள்ல ஒண்ணோட அடையாளமா நிக்கறது புறாக்கள் குடியிருந்த வீடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒயின் ஏன் நீடிக்குதுங்கறதைப் புரிஞ்சுக்க தமிழ்க்காரங்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கு. நாம துவர்ப்புன்னு தனியா ஒரு பேர் வச்சு அதை ஆறு சுவையில ஒண்ணா எண்ணிட்டோம். வாழைப்பூவைப் பச்சையா ஒரு இதழ் கடிச்சுப் பாருங்க, இல்ல கொட்டைப்பாக்கை வாய்ல போட்டு மெல்லுங்க, இல்லன்னா டீத்தூளை அரைமணி நேரம் கொதிக்க விட்டு பாலும் சக்கரையும் இல்லாம ஒரு வாய் குடிங்க. நாக்கு வறண்டு போய், கன்னத்து உள்பக்கம் இழுத்துப் பிடிச்ச மாதிரி ஆகும் பாருங்க, அதுதான் டானின். நம்ம எச்சில்ல வழவழப்பைக் குடுக்கற புரதம் இருக்கு, டானின் அதோட போய் ஒட்டிக்கும், வழவழப்பு போயிடும், அதான் அந்த வறட்சி. சிவப்பு ஒயினுக்கு இந்த டானின் திராட்சையோட தோல்லேர்ந்தும் விதையிலேர்ந்தும் வருது, கொஞ்சம் ஓக் மரப் பீப்பாயிலேர்ந்தும் வருது. வெள்ளை ஒயினுக்குத் தோலைப் பிரிச்சுட்டு சாறை மட்டும் புளிக்க வைப்பாங்க, அதனால அதுல டானின் ரொம்ப கம்மி. சிவப்புக்கு சாறும் தோலும் விதையும் ஒண்ணா ரெண்டு மூணு வாரம் ஊறும்.

ஒயின் கெட்டுப்போறதுக்கு முக்கிய காரணம் காத்து. ஆப்பிளை நறுக்கி வச்சா கறுத்துப் போகுதில்ல, அதே கதைதான். டானின் நிறைய இருந்தா அது முன்னாடி நின்னு காத்தோட வேகத்தைத் தன்மேல வாங்கிக்கும், பழ ருசியை உடனே அடிபட விடாது. கூடவே புளிப்பு வேணும், ஊறுகாய் கெடாம இருக்க புளிப்பு உதவற மாதிரி இங்கயும் புளிப்புதான் ஒயினை உயிரோட வச்சிருக்கும். அப்புறம் மூணாவதா ஒண்ணு, இதைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க, பழத்தோட ருசி உள்ளுக்குள்ள அடர்த்தியா இருக்கணும். டானினும் புளிப்பும் மட்டும் இருந்து பழம் இல்லன்னா, 20 வருஷம் கழிச்சு துவர்ப்பு தணிஞ்சு வர்றப்போ உள்ள ஒண்ணுமே மிச்சம் இருக்காது. கரடுமுரடா இருக்கற எல்லா ஒயினும் ஒரு நாள் பெருசா வரும்னு நினைச்சு வாங்கி வைக்கறவங்க ஏமாறறது இங்கதான்.

இப்ப லத்தூருக்குள்ள போய்ப் பாப்போம். அங்க வீட்டைச் சுத்தி ஒரே துண்டா 47 ஹெக்டேர் நிலம் இருக்கு, நம்ம கணக்குல 116 ஏக்கர் வரும், அதுக்கு லான்க்ளோன்னு பேரு. எஸ்டேட்டுக்கு வேற இடத்துலயும் தோட்டம் உண்டு, ஆனா லத்தூர்ங்கற பேர்ல வர்ற முதல் ஒயின், அதாவது எஸ்டேட்டோட உச்ச ஒயின், இந்த லான்க்ளோவுல இருக்கற வயசான கொடிங்களோட பழத்துலேர்ந்துதான். மண்ணுன்னு பாத்தா மேல பூராவும் கூழாங்கல்லு, கையில அள்ளினா மண்ணை விட கல்லுதான் அதிகமா வரும், அதுக்கு அடியில களிமண். இந்த ரெண்டும் சேந்துதான் வேலை செய்யுது. மழை பேஞ்சா தண்ணி கல்லு வழியா இறங்கிப் போயிடும், வேர் மேல நிக்காது, அதனால கொடி தண்ணியைத் தேடி வேரை ஆழமா இறக்கும். வெயில் காலத்துல மேல காஞ்சு கிடந்தாலும் அடியில களிமண் கொஞ்சம் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். பகல்ல கல்லு சூடாகி ராத்திரியில அந்த சூட்டை மெதுவா விடும். கொழுத்த மண்ணுல கொடி இலையும் தழையுமா வளரும், பழம் பெருசா தண்ணியா வரும். இங்க மண்ணு ஏழை மண்ணு, கொடி கஷ்டப்படும், பழம் சின்னதா, தோல் தடிச்சு, ருசி இறுகி வரும்.

போயாக் இருக்கற பகுதிக்கு மெதோக்னு பேரு, அந்தப் பக்கத்து ஆளுங்க ஒண்ணு சொல்வாங்க, நல்ல கொடிங்க ஆத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும்னு. லத்தூர் தோட்டம் ஆத்துப் பக்கம் சரிஞ்சு போகுது. ஜிரோந்த் அங்க சாதாரண ஆறு இல்ல, கடல் மாதிரி அகலமான கழிமுகம், அவ்வளவு தண்ணி பக்கத்துல இருக்கறதால குளிர் காலத்துல கடுமையா குளிராது, வெயில் காலத்துல கடுமையா சுடாது. போர்தோக்காரங்களுக்கு ஏப்ரல் மாசத்து உறைபனின்னா அப்படி ஒரு பயம், துளிர் விட்ட நேரத்துல ஒரே ராத்திரியில அந்த வருஷ அறுவடை போயிடும். 1991லயும் 2017லயும் அப்படித்தான் போர்தோவுல பல தோட்டம் கருகிப் போச்சு. ஆத்துக்கு ஒட்டி இருக்கற தோட்டங்க அந்த மாதிரி வருஷத்துல மத்தவங்களை விட நல்லாவே தப்பிச்சிருக்கு.

அடுத்தது பழ வகை. இங்க ராஜா கபர்னே சாவின்யோன். தோட்டத்துல நாலுல மூணு பங்குக்கு மேல இதுதான், முதல் ஒயின்ல இதோட அளவு சில வருஷம் 90 சதவீதத்தையும் தாண்டும். மீதி மெர்லோ, துளி கபர்னே ஃப்ரான், துளி பெத்தி வெர்தோ. கபர்னே சாவின்யோன் பழம் சின்னது, தோல் தடி, சாறோட அளவுக்குப் பாத்தா விதையும் தோலும் அதிகம். அப்ப டானின் எவ்வளவு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். மெர்லோ கொஞ்சம் முன்னாடியே பழுக்கும், மெத்துனு இருக்கும், ஆத்துக்கு அந்தப் பக்கம் பொமரோல், செந்த்-எமிலியோன் பகுதிகள்ல அதுதான் அதிகம்.

லத்தூர்ல எனக்கு ரொம்பப் பெருசா தோணற வேலை ஒண்ணு இருக்கு. ஒரு கொடி செத்துப் போனா அந்த எடத்துல மட்டும் புதுக் கொடி நடுவாங்க, மொத்த வரிசையையும் பிடுங்கிப் போட மாட்டாங்க. ஆனா இளங்கொடி சீக்கிரம் பழம் குடுத்தாலும் அந்தப் பழத்துல ஆழம் இருக்காது, அதனால அறுவடை சமயத்துல இளங்கொடியை அடையாளம் பாத்து அதோட பழத்தைத் தனியா பறிச்சுடுவாங்க. பக்கத்துப் பக்கத்துல நிக்கற ரெண்டு கொடி, ஒண்ணோட பழம் முதல் ஒயினுக்குப் போகும், இன்னொண்ணோடது போகாது. அந்த லான்க்ளோவுல குதிரையை வச்சு உழறாங்க, டிராக்டர் கனத்துல மண்ணு இறுகிடக் கூடாதுன்னு. 2018லேர்ந்து எஸ்டேட் முழுசும் ஆர்கானிக் சான்றிதழ் வாங்கியிருக்கு.

இப்படி கழிச்சது எல்லாம் வீணாப் போறதில்ல. லே ஃபோர் த லத்தூர்னு ரெண்டாவது ஒயின் இருக்கு, 1966 அறுவடையிலேர்ந்து போடறாங்க, அதுக்கும் கீழ போயாக்னு ஊர் பேரை மட்டும் போட்டு மூணாவதா ஒண்ணு வருது. ரெண்டாவது ஒயினை மட்டமா நினைச்சுடாதீங்க, நிறைய எஸ்டேட்டோட முதல் ஒயினை விட அது நல்லாவே இருக்கும், அதுவும் 15, 20 வருஷம் தாங்கும்.

பழம் உள்ள வந்ததும் தொட்டியில புளிக்கும். பழைய காலத்துல மரத் தொட்டிதான், 1964ல லத்தூர்ல எவர்சில்வர் தொட்டிக்கு மாறினாங்க, போர்தோவுல அப்படி முதல்ல மாறினவங்கள்ல இவங்களும் ஒருத்தர். புளிக்கறப்போ சூடு ஏறும், சூடு எல்லை மீறினா ஈஸ்ட் செத்து வேலை பாதியில நின்னுடும், எவர்சில்வர்னா வெளிய தண்ணி விட்டு ஆத்திடலாம். அப்புறம் பீப்பாய். ஓக் மரத்துல செஞ்ச போர்தோ பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும், 750 மில்லி பாட்டில்னா சரியா 300 பாட்டில். முதல் ஒயினுக்குப் புத்தம் புது பீப்பாய்தான், ஒன்றரை வருஷம் போல அதுக்குள்ள இருக்கும். மரத்தோட நுண்ணிய துளை வழியா காத்து கொஞ்சங்கொஞ்சமா உள்ள போகும், அதுல டானின் லேசா பதப்படும். சில மாசத்துக்கு ஒரு தடவை அடியில தங்கின மண்டியை விட்டுட்டு தெளிவை மட்டும் வேற பீப்பாய்க்கு இறுத்துடுவாங்க. நம்ம வீட்டுல புளியைக் கரைச்சு வச்சு மேல் தெளிவை மட்டும் இறுத்து எடுப்போமே, அதே கைவேலைதான்.

இன்னும் ஒரு வேலை உண்டு, முட்டை. போர்தோவோட பாரம்பரிய முறையில ஒரு பீப்பாய்க்கு அஞ்சாறு முட்டையோட வெள்ளைக்கருவை அடிச்சு ஊத்துவாங்க. அது முரட்டு டானினைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அடியில போய் உக்காந்துடும், மேல ஒயின் பளிங்காட்டம் தெளிஞ்சிடும். அப்ப மஞ்சக்கரு என்ன ஆச்சு? போர்தோவுல கனலேன்னு ஒரு குட்டி கேக் உண்டு, வெளிய கருகல் நிறத்துல மொறுமொறுன்னும் உள்ள கஸ்டர்டு மாதிரியும் இருக்கும், மிச்சமான மஞ்சக்கருவை வச்சுத்தான் அது பொறந்துச்சுன்னு அந்த ஊர்ல சொல்வாங்க.

இப்ப பாட்டிலுக்குள்ள நடக்கறதுக்கு வரேன், இதுதான் இந்தக் கட்டுரையோட இதயம். கார்க் போட்டு மூடின அன்னிக்கு ஒயின்ல டானின் எல்லாம் சின்னச் சின்ன துணுக்கா மிதக்குது, நிறம் குடுக்கற பொருளும் அப்படித்தான். வருஷம் போகப் போக இதுங்க ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நீளமான சங்கிலியா மாறும். சங்கிலி ரொம்பப் பெருசானா ஒயினால அதைத் தாங்க முடியாது, கனத்துல கீழ படிஞ்சிடும். அதுதான் பழைய பாட்டில்ல நாம பாக்கற கசடு. துவர்ப்போட ஒரு பங்கு கசடாப் போயிட்டதால ஒயின் மெத்துனு ஆகுது, நிறத்தோட ஒரு பங்கும் கூடவே போயிட்டதால வெளிறுது. அதனாலதான் சிவப்பு ஒயின் வயசானா வெளுத்துக்கிட்டே போகும், நாவப்பழ நிறத்துல ஆரம்பிச்சு மாதுளை நிறத்துக்கு வந்து கடைசியில செங்கல் நிறமாகும், வெள்ளை ஒயின் நேர் எதிர், வயசானா கறுத்துக்கிட்டே போகும். கிளாஸை வெள்ளைத் துணி மேல சாச்சுப் பிடிச்சு அதோட விளிம்பைப் பாருங்க, ஊதா தெரிஞ்சா இளசு, ஆரஞ்சு கலந்த பழுப்பு தெரிஞ்சா வயசானது.

வாசனையும் மாறும். இளசுல கறுப்பு திராட்சை, பிளம்ஸ் மாதிரி பழ வாசனை, கூட புது ஓக் குடுத்த வறுத்த காபி வாசனை. 15, 20 வருஷம் ஆனதும் அதெல்லாம் பின்னாடி போய் வேற ஒரு உலகம் முன்னாடி வரும், சுருட்டுப் பொட்டி, தேவதாரு மரம், பென்சில் சீவின தூள், தோல் செருப்பு, மழைக்கு அப்புறம் காட்டுல கிடக்கற ஈரச் சருகு. போயாக் ஒயின்னாலே பென்சில் சீவலும் தேவதாருவும்தான் அடையாளம்னு சொல்வாங்க. செருப்பு வாசனை எப்படிங்க நல்லா இருக்கும்னு கேப்பீங்க, பழசான புத்தகத்தைத் திறந்து மோந்து பாக்கறதுல ஒரு சுகம் இருக்கில்ல, அந்த வகை.

நடுவுல ஒரு கெட்ட காலமும் உண்டு. பாட்டில் ஆகி ஒரு அஞ்சாறு வருஷத்துக்கு அப்புறம் பல பெரிய ஒயினுங்க வாயை மூடிக்கும். பழ வாசனை அடங்கிடும், முதிர்ச்சி இன்னும் வந்திருக்காது, துவர்ப்பு மட்டும் முன்னாடி நிக்கும். ஃப்ரெஞ்சுக்காரங்க மூடிக்கிச்சுன்னே சொல்றாங்க. நிறைய பேர் அந்த நேரத்துல திறந்து இதுக்கா இவ்வளவு காசுன்னு நொந்து போறாங்க. அது ஒயினோட குத்தம் இல்ல, திறந்த நேரம் சரியில்ல.

ஒயினைப் பாட்டில்ல வச்சு வயசாக்கலாம்ங்கறதே ரொம்பப் பழைய யோசனை இல்ல. 17ஆம் நூற்றாண்டு வரைக்கும் போர்தோ ஒயின் பீப்பாயிலயே கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய் அந்த வருஷமே தீந்துடும், புது ஒயினுக்குத்தான் விலை, பழசுன்னா மட்டம், ஏன்னா பீப்பாய் காலியாகக் காலியாக காத்து புகுந்து கெட்டுப் போயிடும். அப்புறம் உறுதியான கண்ணாடி பாட்டிலும் கார்க்கும் சேந்து வந்துச்சு, 18ஆம் நூற்றாண்டுல பாட்டில் நீட்டு உருளையா மாறி படுக்க வைக்கற மாதிரி ஆச்சு, அப்பதான் பத்திருவது வருஷம் வைக்கறதுன்னு ஒரு பழக்கமே பொறந்துச்சு. லத்தூர் பேர் வாங்கினதும் அதே நூற்றாண்டுலதான், அப்ப அது செகூர் குடும்பத்துகிட்ட இருந்துச்சு, நிக்கோலா-அலெக்சாந்த்ர் த செகூர்ங்கறவர் லத்தூருக்கும், போயாக்லயே இருக்கற இன்னொரு பெரிய தோட்டமான லஃபீத்துக்கும் ஒரே நேரத்துல சொந்தக்காரர். 1787ல அமெரிக்கத் தூதரா இருந்த தாமஸ் ஜெஃபர்சன் போர்தோவுக்கு வந்தப்போ முதல் தரம்னு எழுதி வச்ச நாலு தோட்டத்துல லத்தூரும் ஒண்ணு. 1855ல பாரிஸ் கண்காட்சிக்காக மூணாம் நெப்போலியன் கேட்டதுல போர்தோ தரகர்கள் சந்தை விலையை வச்சு ஒரு பட்டியல் போட்டாங்க, அதுல முதல் வகுப்புல லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன்னு அதே நாலு. 1973ல மூத்தோன் ரோத்ஷில்ட் அஞ்சாவதா சேந்துச்சு. அதைத் தவிர அந்த முதல் வகுப்பு இன்னிக்கு வரைக்கும் அப்படியே இருக்கு.

அப்புறம் 1963ல லத்தூர் பெரும்பங்கு இங்கிலாந்துக்காரங்க கைக்குப் போச்சு, 1993ல ஃப்ரான்சுவா பினோங்கற ஃப்ரெஞ்சு தொழிலதிபர் வாங்கினதுல திரும்ப ஃப்ரெஞ்சு கைக்கு வந்துச்சு. ஓனர் மாறின கதை நமக்கு அவ்வளவு முக்கியம் இல்ல, அந்த ஓனர் காலத்துல 2012ல எடுத்த ஒரு முடிவுதான் முக்கியம். போர்தோவுல ஆன் ப்ரிமேர்னு ஒரு விக்கிற முறை இருக்கு. அறுவடை முடிஞ்சு அடுத்த வசந்தத்துல, ஒயின் இன்னும் பீப்பாய்லயே கிடக்கறப்போ, வியாபாரிங்களும் விமர்சகர்களும் வந்து ருசி பாப்பாங்க, விலை வைப்பாங்க, வாங்கறவங்க காசு கட்டிடுவாங்க, பாட்டில் கையில வர ரெண்டு வருஷம் போல ஆகும். அதை வாங்கறவங்க சரியான எடத்துல வைக்கறாங்களா, சரியான நேரத்துல திறக்கறாங்களான்னு எஸ்டேட்டுக்குத் தெரியாது. லத்தூர் சொல்லிட்டாங்க, 2011 அறுவடையோட இது முடிஞ்சுது, இனிமே எங்க நிலவறையிலேயே வச்சிருந்து குடிக்கற பக்குவம் வர ஆரம்பிச்சதும்தான் வெளிய விடுவோம்னு. முதல் வகுப்பு எஸ்டேட்ல இதை முதல்ல செஞ்சவங்க இவங்கதான். விலை ஏறினப்புறம் விக்கறதுக்காகத்தான்னு அப்ப நிறைய பேர் குறை சொன்னாங்க, அதுல நியாயம் இல்லாமலும் இல்ல. ஆனா எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிச்சிருக்கு. பொறந்த எடத்தை விட்டு நகராம, ஒரே குளிர்ல, ஒரே இருட்டுல பத்து வருஷம் கிடந்த பாட்டில் குடிக்கறவன் கைக்கு வருதுன்னா அதை விட நம்பிக்கை வேற எதுவும் குடுக்க முடியாது. மாம்பழத்தைக் காயா விக்காம பழுக்க வச்சு குடுக்கற தோப்புக்காரர் மாதிரி.

வைக்கற எடம் அவ்வளவு முக்கியமான்னு கேட்டா, அதுக்கு எங்க சித்தப்பா வீட்டுக் கதையை சொல்லணும். அவங்க பாண்டிச்சேரியிலேர்ந்து பாரிஸ் பக்கம் போய் குடியேறினவங்க. 1996ல அவங்களுக்குப் பொண்ணு பொறந்துச்சு. புள்ள பொறந்த வருஷத்து ஒயினை வாங்கி வச்சு அது பெருசானதும் திறக்கறது ஃப்ரான்ஸ்ல ஒரு வழக்கம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி சித்தப்பாவும் கொஞ்ச வருஷம் கழிச்சு 1996 போயாக் ஆறு பாட்டில் வாங்கினாரு. லத்தூர் இல்ல, அதெல்லாம் ஒரு பாட்டிலே பல நூறு யூரோ, இது அதே ஊர்ல சாதாரண எஸ்டேட். 1996 மெதோக்ல கபர்னேக்கு நல்ல வருஷம். அஞ்சு பாட்டிலை அபார்ட்மெண்ட்டுக்கு அடியில ஒவ்வொரு வீட்டுக்கும் குடுத்திருக்கற கல்லு அறையில படுக்க வச்சாரு, ஒண்ணை மட்டும் வர்றவங்க பாக்கட்டும்னு சமையக்கட்டுல ஃப்ரிட்ஜ் மேல நிமித்தி வச்சாரு.

2018ல பொண்ணுக்கு நிச்சயம் ஆனப்போ நான் அங்க இருந்தேன். ஃப்ரிட்ஜ் மேல இருந்ததை முதல்ல திறந்தோம். கார்க் காஞ்சு தூளா உதிர்ந்துச்சு, உள்ள பழுப்பு நிறத்துல காடியாட்டம் ஒண்ணு, வாயில வைக்க முடியல. எனக்கு மனசு கஷ்டமா போச்சு, "போனா போவுதுடா, கீழ போய் எடுத்துட்டு வரலாம் வா"ன்னு சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாரு. கீழ இறங்கினதும் ஜூலை மாசத்துலயும் கை சில்லிட்டுச்சு. ஆடாம அசையாம தூசி படிஞ்சு கிடந்துச்சு அஞ்சும்.

ஒரே ஒயின், ஒரே நாள்ல வாங்கினது. வித்தியாசம் எல்லாம் இருந்த எடம்தான். 12லேர்ந்து 14 டிகிரி வரைக்கும் குளிர் இருந்தா நல்லது, அதை விட முக்கியம் அது ஏறி இறங்காம இருக்கறது. சூடானா ஒயின் விரிஞ்சு கார்க்கை வெளிய தள்ளும், ஆறினா சுருங்கி காத்தை உள்ள இழுக்கும், தினமும் இது நடந்தா கார்க் தளந்துடும். படுக்க வைக்கறது எதுக்குன்னா கார்க்ல ஒயின் பட்டுக்கிட்டே இருந்தாதான் அது காயாம உப்பி இறுக்கமா இருக்கும். காத்துல ஈரப்பதம் 70 சதவீதம் போல இருந்தா கார்க்கோட வெளிப்பக்கமும் காயாது. வெளிச்சம் ஆகாது, ஆட்டமும் ஆகாது. சென்னை, பாண்டி வெயில்ல சாதாரண அறையில வருஷக்கணக்கா வைக்கறது வேலைக்கு ஆகாது, ஒயினுக்குன்னே இருக்கற ஃப்ரிட்ஜ் இருந்தா மட்டும் யோசிங்க. பெரிய பாட்டிலா கிடைச்சா இன்னும் நல்லது, ஒன்றரை லிட்டர் மேக்னம்ல ஒயின் ரெண்டு மடங்கு, ஆனா கார்க் வழியா போற காத்து கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால மெதுவா வயசாகும்.

லத்தூர் வாங்கற வசதி நமக்கு இல்லன்னா இதெல்லாம் நமக்கில்லன்னு நினைக்க வேண்டாம். மெதோக்ல க்ரூ பூர்ஷ்வான்னு லேபிள்ல போட்டிருக்கற நல்ல எஸ்டேட்டுங்க பத்து வருஷம் போல தாராளமா தாங்கும். போர்தோவை விட்டு வெளிய வந்தா தென்மேற்குல மதிரான்னு ஒரு பகுதி, அங்க தன்னான்னு ஒரு திராட்சை, பேருக்கு ஏத்த மாதிரி டானின் அப்படி கொட்டிக் கிடக்கும், விலையும் கையைக் கடிக்காது. மத்தியதரைக்கடல் ஓரம் பாந்தோல், மூர்வேத்ர் திராட்சை, அதுவும் நல்லா வயசாகும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது, பத்து விதமா வாங்காதீங்க, ஒரே ஒயினை மூணோ ஆறோ வாங்குங்க. ஒண்ணை உடனே திறந்து அந்தத் துவர்ப்பு எப்படி இருக்குன்னு ரெண்டு வரி எழுதி வைங்க, நாலஞ்சு வருஷம் கழிச்சு அடுத்ததைத் திறந்து பழைய குறிப்போட ஒப்பிட்டுப் பாருங்க. நூறு கட்டுரை படிக்கறதை விட அது ஜாஸ்தி கத்துக் குடுக்கும்.

சித்தப்பா வீட்டுக் கதையை முடிச்சிடறேன், பழைய பாட்டிலைத் திறக்கற முறையும் அதுலயே இருக்கு. கீழருந்து கொண்டுவந்த பாட்டிலை அன்னிக்கே திறக்கல. மேஜை மேல ஒரு நாள் முழுக்க நிமித்தி வச்சிருந்தோம், பக்கவாட்டுல ஒட்டியிருந்த கசடு அடிக்கு இறங்கணும்னு. மறுநாள் சாயங்காலம் கார்க்கை மெதுவா எடுத்தாரு, அடிப்பக்கம் கறுஞ்சிவப்பா ஊறியிருந்துச்சு, மேல் பாதி காஞ்சு சுத்தமா இருந்துச்சு, அப்ப கசிவு இல்லன்னு அர்த்தம். ஒரு மெழுகுவத்தியை ஏத்தி பாட்டில் கழுத்துக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு, கண்ணாடிக் குடுவையில ஒரே கையோட்டத்துல நிறுத்தாம ஊத்தினாரு. நிறுத்தி நிறுத்தி ஊத்தினா கசடு கலங்கிடும். வெளிச்சத்துல மாதுளை நிறத்துல தெளிவா ஓடிக்கிட்டே இருந்துச்சு, கடைசியில கழுத்துப் பக்கம் மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு புகை மாதிரி நெளிஞ்சு வந்துச்சு, டக்குனு நிறுத்திட்டாரு. இளசான ஒயினா இருந்தா குடுவையில ரெண்டு மூணு மணி நேரம் காத்தாட விடலாம், துவர்ப்பு கொஞ்சம் அடங்கும். இந்த வயசுல அப்படி விட்டா இருக்கற வாசனையும் பறந்துடும், அதனால உடனே எல்லார் கிளாஸ்லயும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டாரு. நான் மோந்து பாத்தேன், பென்சில் சீவல்தான் முதல்ல வந்துச்சு. அந்த இழுத்துப் பிடிக்கற துவர்ப்பைத் தேடித் தேடிப் பாத்தேன், நாக்கோட ஓரத்துல ஒரு நிழல் மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். கல்யாணப் பொண்ணு ஒரு வாய் குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

அடியில தங்கின கசடு ரெண்டு விரக்கடை இருந்துச்சு. அதை யாரும் கொட்டல, சித்தி மெல்லிசு துணியில வடிகட்டி மூடி வச்சாங்க, மறுநாள் ஆட்டுக்கறி கொதிக்கறப்போ அதுல ஊத்திட்டாங்க.